டிக்கியில் இடி

ஹெவி மெட்டல் இசை கேட்க, அடித்தொனியை மட்டும் முழக்கும் சப்வூஃபர் என்ற ஸ்பீக்கர் பெரிதாக வேண்டும் என்ற நம்பிக்கை, பாம்பு பால் குடிக்கும் என்ற நம்பிக்கைக்குச் சற்றும் குறைந்ததல்ல. அதை மறுக்கும் பொறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மெட்டல் டிரம்மர் பெரிய டிரம்மின் பெடல்களை இரண்டு காலாலும் மிதிக்கிறார். ஒவ்வொரு மிதியும் தனித்தனியாகக் காதில் விழவேண்டும். பெரிய சப்வூஃபரை ஓட்டை வைத்த பெட்டியில் மாட்டினால், முதல் மிதியின் முழக்கம் ஓய்வதற்குள் எட்டாவது மிதி வந்துவிடும். பம்பாய் செம்பூரில் கார் ஆடியோ கடை நடத்தும் நான் இதைத் தினமும் சொல்கிறேன். ஏதாவது ஒரு கவுன்டருக்குப் பின்னால் நின்று உண்மை பேசிப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

இரண்டு என்றால் இரண்டு

மாட்டுங்காவிலிருந்து கௌதம் வந்தார். முப்பது வயது, காப்பீட்டுக் கம்பெனி வேலை. விடுமுறை நாட்களில் ஒரு மெட்டல் குழுவில் பாடகர். தமிழ்ப் பாட்டு, எழுதுவதும் அவரே. அடுத்த சனிக்கிழமை அவர்களுக்கு முதல் மேடை. அப்பா வந்து பார்க்கவேண்டும் என்று கௌதமுக்கு ஆசை. அப்பா போட்ட நிபந்தனை ஒன்றே: ஒரு பாட்டாவது வார்த்தை புரியவேண்டும், புரிந்தால் வருவார். வீட்டில் மெட்டலுக்கு அம்மாவின் தடை இருந்ததால், பதிவு செய்த பாட்டைக் காரில்தான் போட்டுக் காட்டவேண்டும்.

"டபுள் பேஸ் நன்னாக் கேக்கணும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டு கௌதம் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடினார். மெட்டல்காரர்கள் பாஷையில் டபுள் பேஸ் என்பது அந்த இரட்டை மிதிதான். இதை எங்கள் ஃபிட்டர், தாராவி இசக்கிமுத்துவிடம் சொல்லாமல் நான் தாதருக்குச் சாமான் வாங்கப் போனது தவறு. திரும்பி வந்தால் டிக்கியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் இரண்டு உட்கார்ந்திருந்தன. ஸ்டெப்னி ஃபுட்பாத்தில் கிடந்தது. என்னப்பா இது என்றேன்.

"டபுள்னு அவிய வாயாலதான சொன்னாவ அண்ணாச்சி? நான் என்ன, மூணா வச்சேன்?"

வைத்தியம்

கௌதமுக்கு அது பிடித்துவிட்டது. நான் தடுத்தும் கேளாமல் மறுநாளே அப்பாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பெரியவர் ஓய்வுபெற்ற ஆபீஸ் சூப்பரின்டெண்ட். எதையும் முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். நம்பர் பிளேட் கிடுகிடுக்க, கண்ணாடியில் பின்னால் வந்த பஸ் இரண்டாகத் தெரிய, முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுக் கடை வாசலில் இறங்கினார். புரிந்ததா என்று மகன் கேட்டார்.

"வார்த்தை ஒண்ணும் புரியலை. முதுகுப் பிடிப்பு விட்டுடுத்து."

தெளிவின் விலை

இரண்டு சப்வூஃபரையும் கழற்றினேன். சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டியில் எட்டு அங்குலத்தில் ஒன்று. முன்கதவுகளில் நல்ல ஸ்பீக்கர் ஜோடி. முன்கண்ணாடி மூலையில், மெல்லிய ஒலிகளுக்கான குட்டி ஸ்பீக்கராக ட்வீட்டர். கதவுத் தகரம் அதிராமலிருக்க உள்ளே ரப்பர் ஷீட். வியாழக்கிழமை பெரியவரை மறுபடி அழைத்து வந்தார் கௌதம். நானும் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மிதிகளை எண்ணலாம் போலிருந்தது. குரல் முன்கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது.

அப்போதுதான் வார்த்தை கேட்டது. கௌதம் பம்பாயில் பிறந்து வளர்ந்தவர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறவர். அந்த எழுத்தில் வாளும் வாலும் ஒன்றுதான். "தூக்கினேன் என் வாலை, நடுங்கியது ஊரே" என்று பதிவில் நான்கு முறை முழங்கினார். குழுவில் மற்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. இத்தனை நாள் இந்த ரகசியத்தைக் காத்து வந்தது மோசமான ஸ்பீக்கர்கள்தான்.

நான் சும்மா இருந்திருக்கலாம். லகர ளகர வேறுபாட்டை, நாக்கு மடியும் இடம் உட்பட, வடாலா சிக்னல் வரை விளக்கினேன். கௌதம் பல தடவை முயன்றார். ஒவ்வொரு தடவையும் வால்தான் வந்தது. கடைசியில் காரை ஓரங்கட்டிவிட்டு, அப்பா சனிக்கிழமை வருவாரா மாட்டாரா என்று மட்டும் கேட்டார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"வார்த்தை புரிஞ்சுடுத்து, அதனாலே வரேன். ஆனா நீ வாலைத் தூக்கறச்சே முதல் வரிசையிலே உக்கார மாட்டேன்."

சனிக்கிழமை மேடையில் அந்த வரி "தூக்கினேன் என் கத்தியை" என்று ஒலித்தது. பெரியவர் மூன்றாவது வரிசையில் இருந்தார்.