மெல்லாத மாத்திரை

தெருமுனை இஸ்திரிக் கடைக்காரியின் வாய்க்குப் பயப்படாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. காலர் சரியில்லை என்று யாராவது முனகினால், "சட்ட சரியாத்தான் இருக்கு, உங்க கழுத்துதான் கோணல்" என்று துணியைத் தூக்கிப் போடுவாள். அப்பேர்ப்பட்டவள் சொந்தப் புருஷனோடு ஒரு வார்த்தை பேசி அஞ்சாறு வருஷம் ஆகிறது என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். வீம்பில் அவளை மிஞ்ச ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆளைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் மாலை போட்டு, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மனுஷன் எழுந்து, "வீட்ல ஒரு ஹாரன் இருக்கு. அந்தச் சத்தம் தாங்காமத்தான் இத்தன வருஷம் ரோட்டுலயே கெடந்தேன்" என்றார். டிப்போவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் போட்டிருந்த சட்டையைக் காலையில் பார்த்துப் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தவளும் அவள்தான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, "இனிமே இந்த ஹாரன் அடிக்காது" என்றாள். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று அவர் முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீடு ஒரு தனிச் சட்டத்தில் ஓடியது. முன்னறை வாசலில் ஒரு ஸ்டூல். சாப்பாட்டுத் தட்டை அதில் வைத்துவிட்டுக் கரண்டியால் கதவைத் தட்டுவாள். அவர் தட்டை உள்ளே எடுத்துப்போய்ச் சாத்திக்கொண்டு தின்பார். இன்னும் சோறு வேண்டுமென்றால் தட்டில் டங்கென்று ஒரு தட்டு. அதற்கு மேல் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் மாடியில் இருக்கும் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, தூது போவாள். தூது என்றா சொன்னேன்? எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவதற்குத் தூது என்று பெயர் வைத்திருந்தாள்.

இந்த லட்சணத்தில் டிரைவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டது. நாத்தனார் கூடப் போய், இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற டயாலிசிஸை முடித்துக் கூட்டி வருவாள். சமையல் இஸ்திரிக்காரியின் பொறுப்பு. காய்களைத் துண்டு போட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாள். பால் இல்லை, கடலை இல்லை, உப்பு பேருக்கு. அவரிடம் பேசத்தான் மாட்டாளே தவிர, சமையலில் வஞ்சகம் வைக்கிறவள் இல்லை.

ஆனாலும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போனது. சாப்பாட்டில் வரும் பாஸ்பேட்டை அந்த இயந்திரத்தால் முழுசாக எடுக்க முடியாது. மிச்சம் ரத்தத்தில் தங்கி எலும்பைக் கரைக்கும், தோலில் அரிப்பைக் கிளப்பும். டிரைவர் கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பது சுவர் தாண்டிக் கேட்கும். சமைப்பது யார் என்று டாக்டர் கேட்டாராம். அது போதாதா நாத்தனாருக்கு?

"ஏம்மா, என் தம்பி சோத்துல என்னத்தக் கலக்குற?" என்றாள் கடை முன்னால், நாலு பேர் துணியோடு நிற்கும்போது. "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சே ஆகணும், சொல்லிட்டேன். அடுத்த டெஸ்ட்லயும் ஏறியிருந்துச்சுன்னா அவன மாடிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். ஏன்னு தெருவுக்கே சொல்லுவேன்."

இஸ்திரிக்காரி பெட்டியை ணங்கென்று வைத்தாள். புருஷன் மாடிக்குப் போனால் போகட்டும். ஆனால் கட்டினவனுக்குக் கெடுதல் கலந்தவள் என்ற பேரோடு அந்தத் தெருவில் எப்படிப் பெட்டியைச் சூடு பண்ணுவது?

மருந்துக் கடைக்கு அவள் போனது அதே நாள், அதே எரிச்சலோடு. டாக்டர் புதிதாக எழுதியிருந்த மாத்திரையைக் கவுன்ட்டர்காரர் எடுத்து வைத்தார்.

"லாந்தனம் கார்பனேட்டும்மா. லாந்தனம்னு ஒரு உலோகம், கேமரா லென்சுலகூடச் சேக்கறாங்க. இது அதோட உப்பு. வயித்து அமிலத்துல கரைஞ்சு, சோத்துல இருக்கிற பாஸ்பேட்டப் பிடிச்சுக்கும். ரெண்டும் சேந்து வெளிக்கிப் போற வழியிலயே போயிடும், ரத்தத்துல ஏறாது. சாப்பாட்டோட கொடுங்க. நல்லா மென்னு தின்னணும். முழுங்கினா சரியாக் கரையாது, பிரயோஜனமில்ல."

காதில் விழாமல் இல்லை. நன்றாகவே விழுந்தது. ஆனால் யாரிடம் சொல்வது? அவரிடம் பேச முடியாது. நாத்தனார் முகத்தில் அன்றைக்கு முழிக்கப் பிடிக்கவில்லை. அவளைக் கூப்பிட்டு, அவள் வாயால் சொல்லச் சொல்லி, அதற்கும் நாலு பேச்சு வாங்க வேண்டுமா? மாத்திரையை எப்படித் தின்பது என்றுகூடத் தெரியாத ஆளா என்று விட்டுவிட்டாள். அட்டையைக் கொடுத்திருந்தால் அதிலாவது படித்துத் தெரிந்துகொண்டிருப்பார். அதையும் அவள் அடுக்களையிலேயே வைத்துக்கொண்டு, வேளைக்கு ஒன்றாகச் சின்ன மூடியில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பாஸ்பேட் இறங்கவில்லை. போதாக்குறைக்கு டிரைவருக்கு வயிறு இறுகி வலி வந்துவிட்டது. மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். குடலுக்குள் அங்கங்கே வட்டவட்டமாக வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தது.

"பாருங்க டாக்டர், நான் சொல்லல?" என்று நாத்தனார் துள்ளினாள். "என்னத்தையோ போட்டுக் கொடுத்திருக்கா."

"நாங்க கொடுத்ததுதாம்மா அது" என்றார் டாக்டர் கடுப்போடு. "லாந்தனம் கனமான உலோகம், எக்ஸ்ரேவில பளிச்சுன்னு தெரியும். மாத்திரைய முழுசு முழுசா முழுங்கியிருக்காரு. அப்புறம் சாப்பாட்டக் குத்தம் சொல்லி என்ன புண்ணியம்? மென்னு தின்னணும்னு மருந்துக் கடையில சொல்லலையா?"

டிரைவர் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தார். அஞ்சாறு வருஷத்தில் அவர் அவளை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான். அவளுடைய சமையல் சுத்தம் என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டது. அதைக் கேட்டுத் தலை நிமிர அவளால் முடியவில்லை.

வீடு வந்ததும் நாத்தனார் முன்னறைக்குள் ஒரு பையை எடுத்துவந்து தம்பியின் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் இவள் தேய்த்து மடித்த சட்டைகள். "தெரிஞ்சே வாய மூடிக்கிட்டிருந்திருக்கா, பாவி" என்று சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

இஸ்திரிக்காரி சோற்றைத் தட்டில் போட்டாள். மாத்திரையை மூடியில் வைத்தாள். ஸ்டூலைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே போய், அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"ஹாரன் அடிக்குது, கேக்குதா?" என்றாள். "மாத்திரைய மென்னு தின்னணும். அன்னைக்கே சொல்லித்தான் கொடுத்தாங்க. நான்தான் சொல்லல."

அவர் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே வெறும் ஈறு. பல் செட்டு ஜன்னலோரம் டம்ளர் தண்ணீரில் கிடந்தது.

"எத வச்சு மெல்றது? வெளியில போறப்ப மாட்டிக்குவேன். போட்டுக்கிட்டுத் தின்னா ஈற அறுக்குது. எப்பவோ ஆரம்பிச்சிருச்சு."

"சொல்றதுக்கென்ன?"

"யார்கிட்டச் சொல்றது?" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. மாத்திரையை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்ச் சின்ன உரலில் போட்டு நங்கு நங்கென்று இடித்தாள். வெள்ளைப் பொடியைச் சோற்றில் கொட்டி, நாத்தனார் பார்க்கப் பார்க்கப் பிசைந்தாள்.

"நல்லாப் பாத்துக்குங்க அண்ணி. நான் கலக்குறது இதுதான்."

அவர் தின்றார். அவள் ஒவ்வொரு கவளத்தையும் காவலாளி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டு காலியானதும் பழக்கதோஷத்தில் விரலால் டங்கென்று தட்டினார். நாத்தனார் பையைப் போட்டுவிட்டுச் சோறு எடுக்கக் கிளம்பினாள்.

"நில்லுங்க அண்ணி. அவருக்குப் பல்லுதான் இல்ல, வாயிருக்கு. கேக்கட்டும்."

டிரைவர் அக்காவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் சோறு போடு" என்றார். "உப்புமில்ல, ஒறப்புமில்ல. இத மனுஷன் திம்பானா."

"வேற யாரு திம்பா?" என்று கேட்டபடி அவள் போட்டாள்.