பெஞ்சில் போட்ட பாதி மீன்

கவிச்சி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். முப்பத்தோரு வருஷம் சந்தையில் மீன் வெட்டி விற்றவர். எத்தனை சோப்பு போட்டுத் தேய்த்தாலும் விரல் இடுக்கில் வாடை தங்கிவிடும். பெண் எடுத்த வீட்டில்கூட மாப்பிள்ளை என்ற சொல் ஒரு மாதந்தான் ஓடியது. சின்ன மச்சினன் தொடங்கி வைக்க, அங்கேயும் கவிச்சிதான். மனிதர் ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

அவர் போய் ஆறு மாதம். கல்தச்சரின் பட்டறையில் கவிச்சியின் மனைவியும், கவிச்சியின் கூடப்பிறந்த அண்ணனும் நின்றிருந்தார்கள். கல்லறைக் கல்லில் பேரும் தேதியும் வெட்டியாகிவிட்டது. கீழே ஒரு மீன் வேண்டும் என்று அவள் சொன்னதும் அண்ணனுக்குச் சுள்ளென்று ஏறியது.

"உனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா? உசுரோட இருந்தப்போ கவிச்சின்னு கூப்பிட்டது பத்தாதா? செத்தும் மீன்கடை போர்டு மாட்டணுமா?"

"இது கடை மீன் இல்ல அத்தான்."

கல்தச்சர் குறுக்கே வந்தார். "செதில் வேணுமாம்மா? செதில் வச்சா ரெண்டு நாள் கூட ஆகும்."

"செதிலும் வேணாம், கண்ணும் வேணாம். ரெண்டே கோடு." அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, கல்லில் ஒரு வளைவு போட்டாள். "அந்தக் காலத்துல இயேசுவைக் கும்பிடறோம்னு வெளிய தெரிஞ்சா தலை போயிடும். கிரேக்கத்துல 'இயேசு கிறிஸ்து, தேவனுடைய குமாரன், ரட்சகர்'னு எழுதி முதல் எழுத்தையெல்லாம் சேர்த்தா, மீனுங்கிற வார்த்தை வருமாம். அதனால மீன்தான் அடையாளம். ஒருத்தர் மண்ணுல ஒரு வளைவு போடுவாராம். எதிர்ல நிக்கிறவரும் நம்மாளுன்னா, இன்னொண்ணு போட்டு முடிப்பாராம். மீன் வாங்க வந்த போதகர் ஒருத்தர் இவருக்குச் சொன்னது."

"கதை நல்லாத்தான் இருக்கு. கல்லு எங்கப்பா பக்கத்துல நிக்கப்போகுது. பாக்கறவன் சிரிப்பான். நான் ஒத்துக்க மாட்டேன்."

குடும்பக் கல்லறை. மூத்தவர் தலையாட்டாமல் கல் நட முடியாது.

"அத்தான், ஆலயத்துல வாடை அடிக்குதுன்னு அவரை ஒரு முழம் தள்ளி உக்கார வைப்பீங்களே..."

"அதை எதுக்கு இப்ப இழுக்கற?"

"நடுவுல பெஞ்சு மேல விரலால ஒரு கோடு போடுவாரே?"

அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. ஞாயிறு தவறாமல், தூசியில் வளைந்த ஒரு கோடு. "பெஞ்சை அழுக்காக்காதடா" என்று இவர் கைக்குட்டையால் துடைத்துவிடுவார். தம்பி பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்.

"அது பாதி மீன் அத்தான். மீதியை நீங்க போடுவீங்கன்னு பாத்தாரு."

"வாயத் திறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நானும் கேட்டேன். கேட்டு வாங்கினா அது என்ன அடையாளம்னுட்டாரு."

அண்ணனின் கை பழக்கத்தில் கைக்குட்டைக்குப் போனது; பாதியில் நின்றது. அவளிடம் சாக்பீஸை வாங்கினார். அவள் போட்ட வளைவுக்கு எதிராக இன்னொன்று போட்டார். மீன் முடிந்தது, வால் மட்டும் ஒரு பக்கம் நீண்டுவிட்டது.

"வால் கோணிப்போச்சு சார். நான் நேராக்கிடறேன்," என்றார் கல்தச்சர்.

"அதுல கைய வைக்காதீங்க," என்றார் அண்ணன். "அப்படியே வெட்டுங்க."