விற்பனைக்கு வந்த கேம்பிங் டிரெய்லர்

பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், காரில் கட்டி இழுக்கிற சின்ன கேம்பிங் டிரெய்லர் ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு நானும் என் மனைவியும் போனோம். இப்படி ஒன்று வாங்கப் போவது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. விற்பவர் அரைக்கால் சட்டையும் சாயமடித்த மீசையுமாக, தோள் துண்டால் டிரெய்லரின் கதவைத் துடைத்துக்கொண்டே பேசினார். சக்கரங்களைச் சுற்றிப் புல் மண்டியிருந்தது.

"இதுல எங்கெங்க போயிருக்கீங்க அண்ணே?" என்றேன்.

"எங்கயும் போனதில்ல தம்பி. வீட்டுக்காரிகிட்ட சண்டைன்னா இதுலதான் படுப்பேன்."

"அப்புறம் ஏன் விக்கிறீங்க?" என்றாள் என் மனைவி.

"இப்பதான் நாங்க சமாதானமாயிட்டோம் லா." வெட்கத்தோடு மீசையைத் தடவினார்.

வீட்டுச் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "யாரு சொன்னா?"

மீசையைத் தடவிய கை நின்றது. "தம்பி, நாளைக்கு வந்து எடுத்துக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மறுநாள் காலையில் போனோம். புல்லை வெட்டி டிரெய்லரைத் தயாராகத்தான் வைத்திருந்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்தால், உள்ளே போர்வைக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வராமல் திரும்பிவிட்டோம்.

பிறகு நீலாயில் வேறொன்று வாங்கினோம். எங்களுக்குள் சண்டை வரும்போதெல்லாம், அந்த அண்ணன் இன்றைக்கு எங்கே படுத்திருப்பாரோ என்று நினைத்துக்கொள்கிறேன்.