சத்தம் நின்ற கார்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போன பிறகுதான் அண்ணன் காரைத் திருப்பிக் கொடுத்தான். அப்பா வாங்கிய கார் அது. கல்யாணமாகித் திருவான்மியூருக்குத் தனிக்குடித்தனம் போனபோது எடுத்துக்கொண்டு போனவன், பெட்ரோல் போட்டதைத் தவிர அதற்கு வேறெதுவும் செய்ததில்லை. இப்போது புதுக் கார் வாங்கிவிட்டான். "அப்பாவக் கூட்டிட்டுப் போக உனக்கு உதவும்" என்று எங்கள் மயிலாப்பூர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போனான்.

அடையாறில் பிசியோதெரபி. மறுநாள் அப்பாவை முன் சீட்டில் உட்காரவைத்துக் கிளப்பினேன். என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல டக்டக்கென்று சத்தம். சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு சிவப்பாக மினுங்கியது. ஸ்கூட்டரில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்" என்று வைத்துவிட்டான்.

தேனாம்பேட்டையில் ஒரு சந்துக்குள் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் என்ஜினின் மேல் மூடியைக் கழற்றினார். உள்ளே தார் ஊற்றினாற்போலக் கறுப்பாக அப்பிக் கிடந்தது.

"இன்னாம்மா, ஆயிலே மாத்தல போல கீதே?"

"ஏதாவது ஊத்திக் கழுவினா போயிடாதா?"

"அப்டி ஊத்துனா அழுக்கு மொத்தமும் பேத்துகினு போயி கீழ சல்லடைல அடைச்சிக்கும். அப்பால என்ஜினே புட்டுக்கும். கீழயும் கழட்டணும்மா."

கழற்றினார். ஆயிலை உறிஞ்சும் சல்லடை ஏற்கெனவே பாதிக்கு மேல் அடைத்திருந்தது. ஆயில் மேலே ஏறாததால், வால்வைத் தள்ளும் லிஃப்டர்கள் வறண்டுபோய்த் தட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினார். இறுகிப்போனவற்றுக்குப் புதிது போட்டார். அதுவரை அப்பாவை ஆட்டோவில் அழைத்துப்போய் வந்தேன். மாலையில் ஷெட்டில் போய் நின்றேன். புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதுவும் கறுத்து வர, வடித்துவிட்டு மறுபடி ஊற்றினார். கடைசியாக ஸ்டார்ட் செய்தபோது லேசாகத் தட்டி, பிறகு அடங்கியது. வெகுநாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஞாயிறு அண்ணன் வந்தான். காரைக் கிளப்பிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து சாவியை என்னிடம் தந்தான்.

"பரவாயில்லையே, சத்தமே இல்ல. உங்க அண்ணி டிரைவிங் கத்துக்கறா. புது வண்டியக் குடுக்க பயமா இருக்கு. இது ரெண்டு மாசம் எங்ககிட்ட இருக்கட்டும்."

"அப்பாவுக்கு வேணும்."

"ஆட்டோவுலதான போயிட்டிருந்தீங்க?"

"அப்பாவையே கேளு" என்றேன், நம்பிக்கையோடு.

அப்பா இடது கையை என்னிடம் நீட்டினார். சாவியை அதில் வைத்தேன். அவர் அதை அண்ணன் பக்கம் நகர்த்தினார். கோணிய வாயால் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் முயன்றார். படுத்ததிலிருந்து எனக்காக ஒருமுறைகூட அப்படி முயன்றதில்லை.

அந்த இரண்டு மாதம் எப்போதோ போய்விட்டது. ஆட்டோவில்தான் போகிறோம். அப்பா என் தோளைப் பிடித்துத்தான் ஏறுகிறார். வழியில் நான் அவரோடு எதுவும் பேசுவதில்லை.