ஆனந்தம் டீச்சருக்கு வராத மயக்கம்

திருவிடைமருதூர் ஆனந்தம் டீச்சர் கும்பகோணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். எந்தக் கணக்கும் அவளிடம் வாலாட்டாது. அவளுடைய வயிறு மட்டும்தான் பிடி கொடுக்கவில்லை. கார்த்திகையிலிருந்து ஒரு வலி. காலையில் இட்லி உள்ளே போனதும் முறுக்க ஆரம்பித்துவிடும். ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டுப் பார்த்தார்கள். தஞ்சாவூர் டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "புண்ணு, கட்டி எதுவும் இல்லைம்மா. மனசு இறுகினா குடலும் இறுகும். மாத்திரையை விடாதீங்க. கூடவே ஹிப்னோதெரபியும் பாருங்க, சில பேருக்கு நல்லா கேக்குது" என்று ஒரு முகவரியைக் கொடுத்தார்.

மனசு ஏன் இறுகியது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெறப்போகும் கணவர் வாஞ்சிநாதனுக்குச் சித்திரையில் அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுபடி மாலை, மறுபடி தாலி. பெங்களூரில் இருக்கும் பிள்ளை கேஷவ் மண்டபம், சாஸ்திரிகள், சமையல் எல்லாவற்றையும் போனிலேயே முடித்துவிட்டான். புடவையின் நிறத்தைக்கூட மருமகள் தீர்மானித்தாயிற்று. ஆனந்தத்தை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணை எதற்குக் கேட்பது? முதல் கல்யாணத்துக்கும் கேட்கவில்லையே!

வேண்டாம் என்று சொல்லிவிட அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் ஊர் உலகத்தில் எந்தப் பெண்டாட்டி அப்படிச் சொல்வாள்? வாஞ்சிநாதன் கெட்டவரும் இல்லை. குடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. பிறகு ஏன் வேண்டாம்? அதுதான் அவளுக்கே விளங்கவில்லை. விளங்காததை யாரிடம் சொல்வது?

ஹிப்னோதெரபி, அதாவது மயக்கிப் பேசவைக்கும் வைத்தியம் என்றதும் அவளுக்குத் தையல்நாயகி ஞாபகம் வந்துவிட்டது. பிறந்த ஊரில் அப்பாவின் நிலத்தில் நடவு நட்டவள். மாரியம்மன் திருவிழாவில் வருஷம் தவறாமல் அவளுக்குச் சாமி வரும். வந்தால் அப்பாவை நேருக்கு நேர் நிறுத்தி, "கூலியைக் குறைச்சியே, நீ விளங்குவியாடா?" என்று கேட்பாள். அப்பா கைகட்டி நிற்பார். மறுநாள் காலையில் அவள் ஒன்றும் நடக்காததுபோல் நாற்றுப் பறிக்க வருவாள். அவளா சொன்னாள், ஆத்தா அல்லவா சொன்னாள்! வழக்கு முடிந்தது. மயக்கத்தில் வருகிற வார்த்தைக்கு ஆள் பொறுப்பில்லை என்பது ஆனந்தத்துக்கு அன்றே மனசில் பதிந்துபோன பாடம்.

அதனால்தான், டாக்டர் கொடுத்த முகவரிக்குப் போன அன்று, "நானும் உள்ளே வந்து உட்காரட்டுமா?" என்று வாஞ்சிநாதன் கேட்டபோது உடனே தலையாட்டினாள். ஷமா என்ற அந்த மனநல ஆலோசகருக்கு இவள் மகள் வயதுதான் இருக்கும். "உங்களுக்குச் சம்மதம்னா எனக்கும் சரிம்மா" என்றாள்.

ஆனந்தம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாள். மூச்சைக் கவனிக்கச் சொன்னாள் ஷமா. நிம்மதியாக இருக்கும் ஓர் இடத்தை நினைக்கச் சொன்னாள். ஆனந்தத்துக்குச் சனிக்கிழமை ஸ்டாஃப் ரூம் வந்தது. ஒருவரும் இல்லை, ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வயிறு மெல்ல இளகியது. ஆனால் இதுதான் மயக்கமா? வெளியே ஆட்டோ ஹாரன் கேட்கிறதே, மூக்கு அரிக்கிறதே! சரி, வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தாள்.

"அந்த இறுக்கத்துக்கு வாய் இருந்தா என்னம்மா சொல்லும்?"

"எனக்கு அறுபதாம் கல்யாணம் வேண்டாம்" என்றாள் ஆனந்தம் கணீரென்று. "முதல் தடவையும் என்னை யாரும் கேக்கலை. இப்பவும் கேக்கலை. இவரும் கேக்கலை."

மூலையில் இருந்த நாற்காலி கிரீச்சிட்டது. சொன்னதும் அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

கண் திறக்கச் சொல்லி முடிந்ததும் வாஞ்சிநாதன் அவசரமாக எழுந்தார். "மயக்கத்துல ஏதோ சொன்னா. அதெல்லாம் கணக்கில்லைதானே?"

"மயக்கமே இல்லைங்க சார்" என்றாள் ஷமா. "இது தூக்கமும் கிடையாது. மனசை ஒரே பக்கமா குவிக்கிறதுதான். அம்மா முழு நினைவோடதான் இருந்தாங்க. நினைச்சா எழுந்தே போயிருக்கலாம். சொல்ல விரும்பாததை யாரையும் இதுல சொல்ல வைக்க முடியாது. வலி ஒரே நாள்ல போயிடாது, இன்னும் சில தடவை வரணும். டாக்டர் மாத்திரையும் தொடரட்டும்."

ஆனந்தம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படியானால் அத்தனையும் அவளே, சுயபுத்தியோடு, அவர் காதுபடச் சொன்னதா? ஆத்தாவும் இல்லை, மயக்கமும் இல்லை. பழி போட ஓர் ஆள் இல்லை. வெட்கமா, பயமா, இல்லை சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

காரில் ஏறியும் வாஞ்சிநாதன் சாவியைத் திருப்பவில்லை. ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கலைதான். எனக்குத் தோணவே இல்லை" என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "இப்போ கேக்கறேன். பண்ணிக்கலாமா? உனக்குச் சம்மதமா?"

ஆனந்தத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்காததுதான் குறை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கேட்டுவிட்டார். சரி என்று வாயில் வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? வேண்டாம் என்பதும் வரவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

வாஞ்சிநாதன் சாவியைத் திருப்பினார். "சரி, யோசி" என்றார். பெண் வீட்டிலிருந்து என்ன பதில் வருமோ என்று காத்திருக்கும் மாப்பிள்ளையின் கலக்கம் அவர் முகத்தில் இருந்தது. அதை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.