ஒரு நாளைக்கு ஒரு திருப்பு

பல்செட்டுக்காரர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்துப் பல் செய்து கொடுக்கிற சின்ன லேப் அவருடையது. செட்டு மாட்டிக்கொண்டவரைக் கேட்டால் 'நல்லாத்தான் இருக்கு' என்பார். நீலத் தாள் ஒன்றை மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னால்தான் உண்மை தெரியும். எங்கே இடிக்கிறதோ அங்கே நீலம் ஒட்டிக்கொள்ளும். "வாய் மரியாதைக்குப் பேசும். நீலம் மரியாதை பார்க்காது" என்பார்.

வீட்டிலும் அதே ஆள்தான். கடைக்காரர் எடை போடும்போது இவர் தராசைப் பார்ப்பதில்லை, அவர் விரலைப் பார்ப்பார். பஸ் தாமதமானால் டிரைவருக்கும் தனக்கும் ஏதோ பகை என்று நினைப்பார். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. "இவருக்கு நிழல் பின்னாடி வந்தாக்கூட, யாரு அனுப்பினாங்கன்னு கேப்பாரு" என்று கடையில் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் யாரையும் சந்தேகப்படாமல் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டின் நடையோரம் இருக்கிற சின்ன அறை, அதில் ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்து விமானங்கள் செய்வார். மாடல் செய்கிறவர்களின் சங்கத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. இந்த வருஷக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டது ஒரு ராணுவ ஹெலிகாப்டர். சும்மா ஸ்டாண்டில் நிற்கிற ஹெலிகாப்டர் இல்லை, பறந்துகொண்டிருப்பது.

பழைய பேப்பரில் வந்த ஒரு படம்தான் அதற்கு மூலம். ஊர் முழுக்க வெள்ளம். ஒரு வீட்டின் மொட்டை மாடி மட்டும் தெரிகிறது. மேலே ராணுவ ஹெலிகாப்டர். அதிலிருந்து இறங்குகிற கம்பியின் முனையில் ஒரு ஆள், மாடிக்கும் ஹெலிகாப்டருக்கும் நடுவே, அந்தரத்தில்.

அதை அவர் செய்த அழகைச் சொல்லியே ஆக வேண்டும். தரையில் நிற்கிற ஹெலிகாப்டரின் இறக்கைகள் சோர்ந்து தொங்கும். பறக்கும்போது மொத்த பாரத்தையும் அவை தாங்குவதால் நுனிகள் மேலே எழும்பும். மெழுகு இளக்கும் சுடுதண்ணீரில் ஒவ்வொரு இறக்கையையும் காட்டி, அந்த எழும்பலை விரலாலேயே கொண்டுவந்தார். வெள்ளத்துக்குப் பல்செட்டு செய்கிற அக்ரிலிக்கைக் கலந்து ஊற்றினார். இறக்கைக் காற்று மோதுகிற இடத்தில் வட்டம் வட்டமாக அலை, அதன் விளிம்பில் பஞ்சை இழுத்து நீர்த்திவலை. ஹெலிகாப்டரைத் தாங்குகிற இரும்புக் கம்பி ஒரு பட்ட மரத்துக்குள் ஒளிந்து, கிளை வழியாகப் போய், பின்பக்க வயிற்றில் நுழைகிறது. முன்னால் நின்று பார்த்தால் அவ்வளவு பெரிய வண்டி வெறும் காற்றில் நிற்கும். பார்க்கிறவர் தன்னையறியாமல் ஒரு அடி பின்னால் போவார்.

தொங்குகிற ஆள் கட்டை விரலின் ஒரு கணு உயரம். பல் கிளிப்பைக் கட்டுகிற மெல்லிய கம்பியை இரண்டு இழையாக முறுக்கி, அதில் அவனைத் தொங்கவிட்டிருந்தார். கம்பியைச் சுற்றுகிற உருளைக்கும் தொழிலிலிருந்தே ஒரு பொருள். குழந்தைகளின் மேல்வாய் குறுகலாக இருந்தால் அதை விரிக்க ஒரு பிளேட் மாட்டுவார்கள். அதன் நடுவே ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் திருப்ப ஊசி மாதிரி ஒரு சாவி. வீணாய்ப்போன திருகு ஒன்றைத்தான் ஹெலிகாப்டர் கதவோரம் பொருத்தியிருந்தார். சாவியைச் செருகித் திருப்பினால் ஆள் மேலே வருவான், மாற்றித் திருப்பினால் கீழே போவான். சரியான உயரத்தைக் கடைசியில் முடிவுசெய்து ஒட்டிவிடலாம் என்று சாவியை ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் லேபிலிருந்து வந்து பார்த்தால், ஆளின் கால் ஜன்னல் கம்பிக்கு மேலே தெரிந்தது. முந்தின நாள் கம்பிக்கு நேராக இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ஆளைத் தாங்குகிற கம்பியின் முறுக்கு இறுகிச் சுருங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம். கீழே இறக்கி வைத்துப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து மறுபடியும் ஏற ஆரம்பித்தான், அதே அளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

கம்பி இப்படி ஒழுங்காகச் சுருங்காது. யாரோ திருப்புகிறார்கள்.

முதலில் சங்கத்துக் கப்பல்காரர் ஞாபகம் வந்தார். கப்பலைத் தவிர வேறு எதுவும் செய்யாத மனிதர், இவருடைய பல வருஷப் போட்டி. போனில், "என்ன சார், உங்க ஆளு இன்னும் தொங்கிக்கிட்டுதான் இருக்கானா?" என்று கேட்டிருந்தார். ஆள் தொங்குகிற விஷயம் கப்பல்காரருக்கு எப்படித் தெரியும் என்று நாள் முழுக்கக் குடைந்தது. அப்புறம்தான் தானே போன மாதம் பெருமையடித்துச் சொன்னது ஞாபகம் வந்தது. தவிர, கப்பல்காரர் வீட்டுக்குள் வர முடியாது. வீட்டுக்குள் இருப்பது மூன்றே பேர்: இவர், மனைவி, மச்சான்.

மச்சான் மனைவியின் அண்ணன். ராணுவத்தில், இதே மாதிரி ஹெலிகாப்டரில், பல வருஷம் வேலை பார்த்தவர். சர்வீஸ் முடிவதற்கு முன்னாலேயே ஒரு பையோடு வந்து பின்னறையில் தங்கிவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "போதும்னு தோணுச்சு மாப்பிள்ளை" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பல்செட்டுக்காரருக்கு ஒரு வரிப் பதில் எப்போதுமே ஆகாது. யாரோ எதையோ மறைக்கும்போதுதான் வரி குறையும் என்பது அவர் கணக்கு.

இந்த ஹெலிகாப்டரை எடுத்ததே ஒருவகையில் மச்சானுக்காகத்தான். பார்த்தால் சந்தோஷப்படுவார், நாலு கதை சொல்வார் என்று ஆசையாகக் கூப்பிட்டுக் காட்டினார். மச்சான் பார்த்தார். "நல்லாயிருக்கு மாப்பிள்ளை" என்றார். போய்விட்டார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் காலே வைக்கவில்லை. சாயங்காலம் இவர் மேஜையில் உட்காருகிற நேரத்துக்கு, "சும்மா நடந்துட்டு வரேன்" என்று வெளியே கிளம்பிவிடுவார்.

இப்போது இதெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொறாமையா? இல்லை, நேரில் பார்த்தவருக்கு இவர் செய்தது பொம்மையாகத் தெரிந்து, கேலிக்காகத் திருப்புகிறாரா? நடையில் இன்னொரு சாட்சியும் கிடைத்தது. அறை வாசலுக்கு எதிர்ச் சுவரில், தோள் உயரத்தில், சுண்ணாம்பு தேய்ந்து விரல் பட்ட அழுக்கு நீளமாக ஓடியது. தினமும் யாரோ அங்கே சாய்ந்து நின்று அறையை நோட்டம் விட்டிருக்கிறார்கள்.

கண்காட்சி நெருங்கியது. ஆளை ஒட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆனால் ஒட்டிவிட்டால் யார் என்று தெரியாமலே போய்விடும். அதனால் ஒட்டவில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மச்சானிடம் பேச்சைப் போட்டார்.

"மச்சான், வீடு உங்களுக்கு இடைஞ்சலா இருக்கோ?"

"இல்லையே மாப்பிள்ளை."

"இல்ல, சில பேருக்கு அடுத்தவங்க செய்யற வேலையைப் பார்த்தா கை சும்மா இருக்காது. அப்படிப்பட்டவங்க தனியா ஒரு ரூம் பார்த்துக்கிட்டா ரெண்டு பக்கமும் நிம்மதி."

மச்சான் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். 'என்ன கை, என்ன வேலை' என்று கேட்கவில்லை. "சரி மாப்பிள்ளை" என்றார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மனைவிக்கு விஷயம் தெரிந்ததும் வீடு உறைந்துவிட்டது. தட்டைச் சத்தமில்லாமல் வைத்தாள். அதுதான் பயம்.

"என் அண்ணனைப் போகச் சொல்லியிருக்கீங்க. என்ன தப்பு பண்ணாரு?"

"ஆதாரத்தோட சொல்றேன், இரு."

ஆதாரத்துக்குத்தான் ஆயுதம் கையிலேயே இருந்ததே. மறுநாள் காலையில் லேபுக்குக் கிளம்பும் முன்னால், ஒரு நீலத் தாளை எடுத்துத் திருகுச் சாவி முழுக்கத் தேய்த்தார். சாவியும் கறுப்பு, பூச்சும் கருநீலம், பார்த்தால் தெரியாது. தொட்டால் விட்டுப் போகாது. அன்றைக்கு மச்சான் எங்கேயோ ரூம் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். போவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கை வைக்காமலா இருப்பார்?

சாயங்காலம் சீக்கிரமே வந்தார். நேராக அறைக்குள் போய்ப் பார்த்தார். ஆள் ஏறியிருந்தான். மச்சான் இன்னும் வரவில்லை. வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வந்ததும் முதலில் கையைப் பார்க்க வேண்டும், அப்புறம் மனைவியைக் கூப்பிட வேண்டும், அப்புறம் என்ன பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை நடந்தது.

மனைவி டீ கொண்டுவந்து நீட்டினாள். வாங்கினார். கிளாஸில் கட்டைவிரல் அச்சு நீலமாகப் பதிந்திருந்தது.

கிளாஸைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

"எதுக்கு, ரேகை பார்த்துச் சொல்லப் போறீங்களா?" என்றவள், தானும் விரலைப் பார்த்தாள். சோப்புப் போட்டுத்தான் கழுவியிருந்தாள். விரல் ரேகையில் இருந்தது போகவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்துகொண்டாள். "நீலத் தாள் வச்சீங்களா? எனக்கா?"

"உனக்கு வைக்கலை."

"அப்ப அண்ணனுக்கு." எதிரே உட்கார்ந்தாள். "நான்தான் திருப்பினேன். தினமும் நான்தான்."

"எதுக்கு?"

"அண்ணன் அந்த வாசலைத் தாண்டும்போது பார்த்திருக்கீங்களா? எதிர்ச் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு, செவுத்தைத் தடவிக்கிட்டே நடக்குறாரு. பாத்ரூம் போறதுக்குக்கூட."

சுவரிலிருந்த அழுக்கு அவர் கண் முன்னால் வந்தது. சாய்ந்து நின்று நோட்டம் விட்ட அழுக்கு இல்லை அது.

அவள் மெதுவாகச் சொன்னாள். இதே மாதிரி ஒரு வெள்ளம். கதவோரம் இருந்து கம்பியை இயக்குகிற வேலை அண்ணனுக்கு. ஒருவரைத் தூக்கும்போது, கம்பி கீழே எதிலோ போய் மாட்டிக்கொண்டது. "மாட்டிக்கிச்சுன்னா அது ஹெலிகாப்டரையே இழுத்துக் கவுத்துடுமாம். உள்ள நிறைய பேர் இருந்திருக்காங்க, குழந்தைங்க உட்பட. வெட்டுன்னு சொன்னாங்க. வெட்டுற பட்டன் அண்ணன் கையில."

"அந்த ஆளு?"

"தண்ணியில விழுந்தாரு. அப்புறம் என்னாச்சுன்னு தெரியலை. தேடியும் தெரியலை. செத்தாருன்னும் சொல்ல முடியலை, பொழைச்சாருன்னும் சொல்ல முடியலை. அண்ணனைப் பொறுத்தவரைக்கும் அவர் இன்னும் அங்கேயே தொங்கிக்கிட்டு இருக்காரு. நீங்க அதையே கொண்டுவந்து நடு வீட்டுல தொங்க விட்டுட்டீங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அண்ணனை உட்கார வச்சு நாலு கேள்வி கேட்டிருப்பீங்க. எந்த மாசம், எந்த இடம், கம்பி ஏன் மாட்டுச்சுன்னு."

கேட்டிருப்பார். அவருக்கே தெரிந்தது.

"சரி, அவனை மேல ஏத்தணும்னா ஒரே நாள்ல ஏத்தியிருக்கலாமே. எதுக்கு இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா?"

"நீங்கதானே போன்ல பிளேட் மாட்டின குழந்தைங்களோட அம்மாமார்கிட்ட எல்லாம் சொல்வீங்க, ஒரு நாளைக்கு ஒரு திருப்புதான், அதுக்கு மேல போனா விரிசல் விட்டுடும்னு. உங்க பொருளை உடைச்சிடக் கூடாதேன்னுதான்."

அது குழந்தையின் மேல்வாய்க்குச் சொல்கிற விதி. பொம்மை ஹெலிகாப்டருக்கு எந்த விதியும் கிடையாது, ஒரு நிமிஷத்தில் முழுக்கச் சுற்றியிருக்கலாம். இவள் தினமும் கடையிலிருந்து வந்து, ஒரே ஒரு திருப்பு திருப்பிவிட்டு, சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறாள். இவர் இறக்கிவிட்ட அன்றும் கோபப்படாமல் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. இரண்டையும் டீயில் மறைத்தார்.

வாசலில் செருப்புச் சத்தம்.

"ரூம் கிடைச்சிருச்சு மாப்பிள்ளை. நாளைக்கே வரலாம்னுட்டாங்க" என்றபடி மச்சான் நடைக்குள் வந்தார். பையை எடுக்கப் பின்னறைக்குப் போனவர், அறை வாசல் வந்ததும் எதிர்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். பல்செட்டுக்காரர் இத்தனை நாளில் முதல் தடவையாக அதைப் பார்த்தார்.

மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. அறைக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"மச்சான், ஒரு சந்தேகம்."

அவர் வாயில் அது ஆயிரம் தடவை வந்த வார்த்தைதான். இந்தத் தடவை குரல் வேறாக இருந்தது. மச்சான் சுவரைப் பார்த்தபடியே நின்றார்.

"இந்தக் கதவுல நான் ஆளே வைக்கலை. படத்துல இருட்டா இருந்துச்சு, விட்டுட்டேன். அங்க ஒருத்தர் இருக்கணும்ல?"

மச்சானின் விரல்கள் சுவரைத் தடவின.

"இருக்கணும்" என்றார் மச்சான்.

"எப்படி இருப்பாரு?"

மச்சான் திரும்பினார். வாசல்படியில் ஒரு முழங்காலை ஊன்றினார். இடது கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது. வலது கை முன்னால் நீண்டு, விரல்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டன. பார்வை தரையில், எங்கேயோ ஆழத்தில்.

"கை கம்பியிலயே இருக்கும் மாப்பிள்ளை. அவர் ஆடுறது கையில தெரியும். கண்ணை மட்டும் எடுக்கக் கூடாது."

பல்செட்டுக்காரர் மெழுகுக் கட்டியை எடுத்தார். பல் செதுக்குகிற கத்தியால், மச்சானைப் பார்த்துப் பார்த்து, அந்த முழங்காலையும் நீண்ட கையையும் குனிந்த கழுத்தையும் செதுக்கினார். மச்சான் கால் வலிக்க அப்படியே இருந்தார். மனைவி நடையில் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள், துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தாள்.

மெழுகு மனிதனைக் கதவில் வைத்தபோது மச்சான் எழுந்து உள்ளே வந்தார். மேஜைக்கு முன் குனிந்து பார்த்தார்.

"இவர் இவ்வளவு மேல வந்துட்டாரா?"

"உங்க தங்கச்சி வேலை."

மச்சான் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம்தான் இருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

பல்செட்டுக்காரர் ஆணியிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். மச்சான் வாங்கித் திருகில் செருகினார். ஒரு திருப்பு. ஆள் லேசாக ஆடினான். அது நிற்கும்வரை காத்திருந்து அடுத்த திருப்பு. பிறகு இன்னொன்று. நாளுக்கு ஒன்று என்ற விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கடைசியில் தொங்கியவனின் தலை கதவுக்கு நேராக வந்தது, மெழுகு மனிதனின் நீட்டிய கை அவன் தோளைத் தொட்டது.

மச்சான் சாவியை எடுக்காமல் அப்படியே நின்றார். மூச்சு மட்டும் நீளமாக வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கையைப் பார்த்தார். விரல் முழுக்க நீலம். பேண்டில் துடைத்தார். போகவில்லை. பல்செட்டுக்காரரும் தன் கையைப் பார்த்தார். அங்கேயும் இருந்தது.

"இது என்ன மாப்பிள்ளை? போகுமா?"

"ரெண்டு நாள் இருக்கும் மச்சான்."

"அண்ணா, ரூம்காரருக்குப் போன் போடட்டுமா, வரலைன்னு?" மனைவி நடையிலிருந்து கேட்டாள்.

மச்சான் ஹெலிகாப்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நீலம் போற வரைக்கும் வேணா இருக்கேன்" என்றார்.

"சரி" என்றார் பல்செட்டுக்காரர். "நான் தினமும் காலையில சாவியில புதுசாத் தடவி வச்சிடுறேன்."