ஆமைக்கு மூன்று பாண்டு மண்

விழுப்புரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமா ஒருநாள் ஒரு நட்சத்திர ஆமையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒலக்கூர்ப் பக்கம் புதரில் கிடைத்ததாம். ஆண்தான் என்று அடித்துச் சொன்னார். எனக்கு அப்போது பதினொரு வயது. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்புறம், மாடு விற்றபின் காலியாகக் கிடந்த சிமெண்டுத் தொட்டியில் அதை விட்டோம். வெறும் சிமெண்டில் கால் தேய்ந்துவிடும், அடியில் ஏதாவது பரப்ப வேண்டும் என்றார் மாமா. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். கணக்கில் வகுப்பிலேயே முதல் ஆள் நான்.

அப்பா மல்லாட்டைத் தோலைப் போடச் சொன்னார். ஆமை அந்த வேர்க்கடலைத் தோலைத் தின்னப் பார்த்ததால் வாரிக் கொட்டினேன். மணல் மட்டும் போட்டால் வெயிலில் சுட்டது. கடைசியில் செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி. தொட்டி மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி உயரம். நாலு விரல், அதாவது கால் அடி ஆழத்துக்கு ஒன்றரைக் கன அடி மண். பக்கத்து மனையில் வீடு கட்டிய கொத்தனாரின் கலவை சுமக்கும் இரும்புப் பாண்டால் மூன்று பாண்டு.

"மூணு எந்த மூலைக்கு? ஒரு சாண் போடு பாப்பா. மண்ணு சும்மாதான கெடக்குது" என்றார் கொத்தனார்.

"ஒரு சாண் போட்டா செவுரு நாலு விரல்தான் மிஞ்சும். ஏறி ஓடிடும்."

"அடேங்கப்பா! இஞ்சினீயரம்மா சொன்னா சரிதான்."

இரண்டு மாதம் என் கணக்கில் எந்தக் குறையும் தெரியவில்லை. பிறகு மாலை வேளைகளில் ஆமை ஒரு மூலையில் நின்று பின்காலால் தோண்டத் தொடங்கியது. கொஞ்சம் தோண்டியதுமே சிமெண்டு வந்துவிடும். நகம் உரசும் சத்தம் சமையலறைவரை கேட்கும்.

"எதுக்கோ எடம் தேடிக்கினு கீதுடி. இன்னும் ரெண்டு பாண்டு கொட்டேன்" என்றாள் அம்மா.

"தப்பிச்சு ஓடப் பாக்குதும்மா. உனக்கு ஒண்ணும் தெரியாது."

தோண்டிய இடத்தில் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தட்டி இறுக்கினேன். ஐந்து நாள் அது தோண்டியது. ஐந்து நாளும் நான் இறுக்கினேன்.

ஆறாம் நாள் காலையில் மண்ணின்மேல் வெள்ளையாக ஓர் உருண்டை கிடந்தது. பக்கத்து மனையிலிருந்து தெறித்த சுண்ணாம்புக் கட்டி என்று எடுத்து மதிலுக்கு அப்பால் எறிந்தேன். ஆமை முட்டையிடும் என்று பாடத்தில் படித்தவள்தான். ஆனால் எங்களுடையது ஆண் ஆயிற்றே.

பத்திரிகை வேலைக்குப் போன பிறகு, வனத்துறை ஊழியர் ஒருவர் கைப்பற்றிய ஆமைகளைக் காட்டும்போது அதே மாதிரி வெள்ளை உருண்டை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதைப் புதைக்க ஒரு சாண் ஆழமாவது வேண்டும் என்றார். நான் குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டேன்.

உருண்டையை எறிந்த அன்று காலை பள்ளிக்குக் கிளம்புமுன் தொட்டியை எட்டிப் பார்த்தேன். உருண்டை கிடந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஆமை பின்காலால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணைத் தள்ளி அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது. விளையாடுகிறது என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.